மோட்டாரா, எஞ்சினா? இறக்கக்கண்டி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

நான் திருகோணமலை மாவட்டம், இறக்கக்கண்டியைச் சேர்ந்தவள். எங்கள் மீனவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஆங்கிலம் ஓரளவு எழுதுவேன் என்பதால் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் தலையில். பத்துப் போட்டுகளுக்கு மெசின் வாங்க உதவி கேட்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘மோட்டார்’ என்றுதான் தொடங்கினேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நன்றாயிருக்காது என்று அகராதியில் ஒத்த சொற்களைத் தேடி எஞ்சின், மெஷின், பவர் பிளான்ட், பிரைம் மூவர் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். விலை கேட்டுக் கடைக்கு அனுப்பிய தாளில், எங்கள் ஆட்கள் அறுக்குளா மீனுக்கு ட்ரோலிங் போகிறவர்கள் என்பதால் ‘ட்ரோலிங் மோட்டார்’ என்று எழுதினேன். வந்த கொட்டேசனைப் பார்த்தால் பற்றரியில் ஓடும் சின்னச் சாமான்! வாப்பா சிரிக்கிறார். கரையில் எல்லோரும் ‘மெசின்’ என்றே சொல்கிறார்கள், ஒருவருக்கும் குழப்பமில்லை. மோட்டார் என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எஞ்சினும் அதுவும் ஒன்றா? ஒத்த சொற்களை மாற்றிப் போடலாமா? தமிழ் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பிழை விடவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அவர் விலை போட்டு அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ட்ரோலிங் மோட்டார்’ என்பது ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயர். குளத்திலும் ஏரியிலும் சத்தமில்லாமல் மெதுவாக நகர்வதற்குச் சிறிய படகில் பூட்டுகிற மின் மோட்டார் அது. 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் பற்றரியில் ஓடும். அதன் பலத்தைப் பெரும்பாலும் குதிரைவலுவில் சொல்லமாட்டார்கள், எத்தனை இறாத்தல் தள்ளுவிசை என்று சொல்வார்கள். கொட்டேசனில் 55 எல்பி, அதாவது 55 இறாத்தல், என்பதுபோல ஏதாவது இருந்தால் அதுதான் விஷயம். நிலாவெளிக்கு வெளியே 20 அடி பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவருக்கு அது கைகொடுக்காது. அந்தத் தாளைச் சங்கக் கூட்டத்தில் வைக்க வேண்டாம். ‘தவறான விவரம், திருத்தி அனுப்புகிறோம்’ என்று கடைக்கு இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் ஆட்கள் செய்வது ட்ரோலிங்தான், அதில் சந்தேகமில்லை. போட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துப்போவதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஆனால் அந்தச் சொல் மோட்டாரோடு சேர்ந்து நின்றால், தொழிலைக் குறிப்பதை விட்டுவிட்டு ஒரு சாமானின் பெயராகிவிடுகிறது. தொழில்நுட்ப ஆங்கிலத்தில் ஆட்கள் இடறி விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இந்த ஆங்கிலத்தைக் கற்பிப்பதே என் வேலை. தனிச் சொல்லின் பொருளைப் பாடமாக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். மோட்டார் என்ற சொல்லில் அப்படி விட்டால் காசு போகும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

மோட்டார் லத்தீன் சொல். ‘அசைப்பவர்’, ‘நகர்த்துபவர்’ என்று பொருள். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கும் இயந்திரத்துக்கும் தொடர்பே இல்லை. உலகத்தை இயக்குகிறவன் என்ற பொருளில் கடவுளைக் குறித்தது. அசைவை உண்டாக்கும் விசை என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. இயந்திரம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வந்தது. ஆகவே பிறப்பிலேயே அது விரிந்த சொல். எது எதையாவது அசைக்கிறதோ அது மோட்டார். என்ன சக்தியில் அசைக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை.

எஞ்சினின் கதை வேறு. அதுவும் லத்தீன் வழிதான், ஆனால் அதன் மூலச்சொல்லுக்குப் பிறவி அறிவு, கெட்டித்தனம் என்று பொருள். கெட்டித்தனமாகச் செய்த எந்தக் கருவியும் முதலில் எஞ்சின்தான். குறிப்பாகக் கோட்டையைத் தாக்கக் கல்லெறியும் போர்க்கருவிகளுக்கு அந்தப் பெயர் நின்றது. அவற்றைக் கட்டியவர்தான் எஞ்சினியர். பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ‘கொட்டன் ஜின்’ என்ற கருவியில் உள்ள ஜின், எஞ்சினின் தலை வெட்டுப்பட்ட வடிவம். 1820களில் சார்ல்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்குப் போடும் கருவிக்கும் ‘டிஃபரன்ஸ் எஞ்சின்’ என்றே பெயர். இன்றைக்கு இணையத்தில் தேடித் தருவதை ‘சேர்ச் எஞ்சின்’ என்கிறார்களே, அதிலும் எரிபொருள் இல்லை, அந்தப் பழைய ‘கெட்டித்தனக் கருவி’ என்ற பொருள்தான் இருக்கிறது. அந்த இடத்தில் மோட்டாரைப் போட்டுப் பாருங்கள், நிற்காது.

நீராவி வந்த பிறகு எஞ்சின் என்றாலே சூட்டை அசைவாக மாற்றும் இயந்திரம் என்று ஆகிவிட்டது. அப்புறம் 1876 இல் ஜேர்மனியில் நிக்கொலஸ் ஓட்டோ நான்கு அடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினை ஓட்டிக்காட்டினார். 1890களில் ருடோல்ஃப் டீசலின் எஞ்சின் வந்தது. மின்சாரம் இன்னொரு பாதையில் வந்தது. மின்னோட்டத்தால் கம்பியைச் சுழலவைக்கலாம் என்று மைக்கேல் ஃபரடே 1821 இல் காட்டினார். நிக்கோலா டெஸ்லாவின் மாறுதிசை மின் மோட்டாருக்கு 1888 இல் காப்புரிமை கிடைத்தது. இந்தப் புது வகைக்கு ஆங்கிலம் மோட்டார் என்ற பெயரைக் கொடுத்தது. இன்றைய பழக்கம் இப்படித்தான் உருவானது. எரிபொருளை எரித்துத் தானே பலத்தை உண்டாக்கினால் எஞ்சின். வெளியே உண்டாகிய பலத்தை வாங்கிச் சுழற்சியாக மாற்றினால் மோட்டார். அந்தப் பலம் மின்சாரமாகத்தான் வரவேண்டும் என்றில்லை. பெரிய மீன்பிடிப் படகில் வலை இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவது பல வேளைகளில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோலிக் மோட்டார். காற்றழுத்தத்தில் ஓடும் மோட்டாரும் உண்டு.

இந்த வேறுபாட்டைத் திருகோணமலை ரயில் நிலையத்தில் நின்றே பார்க்கலாம். 1954 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கொடுத்த எம் 2 வகை எஞ்சின்களைப் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை டீசல்-மின்சார எஞ்சின்கள். உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின் நேரே சில்லைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது, சில்லுகளுக்கிடையே இருக்கும் ‘ட்ரக்ஷன் மோட்டார்’ அந்த மின்சாரத்தை வாங்கி அச்சைச் சுற்றுகிறது. ஒரே வண்டிக்குள் எஞ்சினும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. உதிரிப்பாகம் எழுதுகிறவர் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் முற்றிலும் வேறு சாமான் வந்து இறங்கும்.

இவ்வளவுதான் என்றால் பாடம் லேசு. ஆனால் பழைய வழக்குகள் இந்த எல்லையை மதிப்பதில்லை, உங்களுக்குக் குழப்பம் வந்ததும் அதனால்தான். மோட்டார் சைக்கிளில் இருப்பது பெற்றோல் எஞ்சின், பெயர் மட்டும் மோட்டார். திண்ம எரிபொருளில் போகும் ரொக்கெட்டை ‘ரொக்கெட் மோட்டார்’ என்பார்கள், திரவ எரிபொருள் என்றால் ‘ரொக்கெட் எஞ்சின்’. விமானத்தில் ‘ஜெட் எஞ்சின்’ மட்டும்தான், ‘ஜெட் மோட்டார்’ என்று எவரும் சொல்வதில்லை. ஜேர்மன் மொழியில் பெற்றோல் எஞ்சினுக்கே மோட்டார் என்றுதான் பெயர். பிஎம்டபிள்யூ என்ற பெயரின் நடுவில் நிற்கும் எம் அந்த மோட்டார்தான், அந்தக் கொம்பனி தொடக்கத்தில் செய்தது விமான எஞ்சின். பிரெஞ்சிலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே ஐரோப்பியக் கையேடு ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தால் ‘மோட்டார்’ என்ற சொல்லை நம்பி முடிவெடுக்காதீர்கள், பக்கத்தில் சிசி இருக்கிறதா வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலின் பெயருக்கு முன்னால் ‘எம்.வி.’ என்று இருக்கும். ‘மோட்டார் வெசல்’ என்பதன் சுருக்கம் அது. நீராவியில் ஓடிய கப்பல்களுக்கு ‘எஸ்.எஸ்.’ என்று போட்டார்கள். டீசலில் ஓடும் கப்பல்கள் வந்தபோது வேறுபடுத்திக்காட்ட ‘மோட்டார்’ என்றார்கள். 1912 இல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா, பெருங்கடல் ஓடிய டீசல் கப்பல்களில் முன்னோடி. அதையும் மோட்டார் கப்பல் என்றே அழைத்தார்கள். இப்போது அந்தக் கோதுமைக் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கிப் போனால், அங்கே நிற்கும் பெரிய டீசல் இயந்திரத்துக்குப் பெயர் ‘மெயின் எஞ்சின்’. அதை ‘மெயின் மோட்டார்’ என்று ஒரு மாலுமியும் சொல்லமாட்டார். கப்பல் மோட்டார், அதன் இதயம் எஞ்சின்! பம்புகளையும் விசிறிகளையும் சுற்றுகிற மின் இயந்திரங்களுக்குத்தான் அந்த அறையில் மோட்டார் என்று பெயர். ஒரே கப்பலுக்குள் ஒரே சொல் இரண்டு பொருளில் நிற்கிறது, பேசுகிறவர்கள் எவருக்கும் குழப்பமில்லை. பக்கத்தில் நிற்கும் சொல் அவர்களுக்கு வழிகாட்டிவிடுகிறது.

உங்கள் போட்டுக்கு வருவோம். பின்பலகையில் தொங்கவிட்டுப் பூட்டுகிற இயந்திரத்தை அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909 அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஞ்சின், கீழிறங்கும் தண்டு, தண்ணீரைத் தள்ளும் விசிறி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்த முழு அலகுக்கு ‘அவுட்போர்ட் மோட்டார்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கொம்பனிகளின் விலைப்பட்டியலில் இன்றைக்கும் அதுதான் பெயர். ‘ஓபிஎம்’ என்று சுருக்கி எழுதுவதும் அதைத்தான். ஆனால் நம் கடற்றொழில் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். உங்கள் போட்டுகள் ‘ஓஎஃப்ஆர்பி’ என்ற பிரிவில் வரும், வெளியே இயந்திரம் பூட்டிய பைபர் போட்டுகளின் பிரிவு அது. அதன் விரிவில் இருப்பது ‘அவுட்போர்ட் எஞ்சின்’. இரண்டும் சரியான ஆங்கிலம். ஒரே பொருள். பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் எரிக்கும் சாமானை மோட்டார் என்பது தவறு என்று யாராவது உங்களைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் எதை எழுதுவது? உங்கள் நிலையில் நான் ‘அவுட்போர்ட் எஞ்சின்’ என்றே எழுதுவேன். கடற்றொழில் திணைக்களத்தின் பிரிவுப் பெயரோடு அது ஒத்துப்போகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. பற்றரியில் ஓடும் மின்சார அவுட்போர்ட் மோட்டார்களும் இப்போது சந்தைக்கு வந்துவிட்டன. மோட்டார் என்று எழுதினால் இரண்டு பக்கமும் போக வழியிருக்கிறது. எஞ்சின் என்று எழுதினால் பற்றரிப் பக்கத்து வாசல் மூடிவிடும்.

மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் இன்னும் ஒன்று விளங்கும். தண்டுக்கு மேலே இருக்கும் எஞ்சின் பகுதிக்கு மட்டும் ‘பவர்ஹெட்’ என்று பெயர். சுவிட்சில் ஸ்டார்ட் ஆகும் மாடலாக இருந்தால், அந்த எஞ்சினின் பக்கவாட்டில் உருளை வடிவத்தில் ஒரு சின்ன இயந்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பற்றரி மின்சாரத்தில் சுழன்று எஞ்சினைக் கிளப்பிவிடுகிற ‘ஸ்டார்ட்டர் மோட்டார்’ அது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடலில் அது இருக்காது. உதிரிப்பாகக் கடையில் போய் ‘40 குதிரைவலு அவுட்போர்ட்டுக்கு மோட்டார்’ என்று கேட்டால் கொடுப்பவர் மனதில் வருவது ஸ்டார்ட்டர் மோட்டார்தான். பவர்ஹெட் வேண்டும் என்று நினைத்துக் கேட்டவருக்கு ஸ்டார்ட்டர் கிடைக்கும். இரண்டின் விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை வாப்பாவிடம் கேளுங்கள்.

இனி உங்கள் ஒத்த சொற்கள். அகராதி ஒரே வரிசையில் அடுக்கிவைப்பதால் அவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் உறவுக்காரர்கள், அவ்வளவுதான். அண்ணனின் காணி உறுதியில் தம்பி கையெழுத்து வைக்க முடியுமா?

மெஷின் மிக அகலமான சொல். தையல் மெஷினும் மெஷின், பணம் எடுக்கும் மெஷினும் மெஷின். எஞ்சின் எல்லாம் மெஷின்தான், மெஷின் எல்லாம் எஞ்சின் அல்ல. கரையில் ‘மெசின்’ என்றால் போட்டு மெசின், வெங்காயத் தோட்டத்தில் ‘மெசின்’ என்றால் தண்ணீர் இறைக்கிற மெசின். நிற்கிற இடமே பொருளைச் சொல்லிவிடுவதால் அங்கே குழப்பமில்லை. கரையில் உள்ளவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கொழும்பில் அலுவலக மேசையில் இருந்து வாசிப்பவருக்கு அந்தக் கரை தெரியாது.

பவர் பிளான்ட் என்பதை விமானத்துறையிலும் கப்பல்துறையிலும் எஞ்சின் தொகுதிக்குச் சொல்வார்கள். பொது வாசகருக்கு அது மின்நிலையம். திருகோணமலையில் இருந்துகொண்டு பவர் பிளான்ட் கேட்டால், 2016 இல் கைவிட்ட சம்பூர் நிலக்கரித் திட்டம்தான் வாசிப்பவருக்கு ஞாபகம் வரும். எடுத்துவிடுங்கள்.

பிரைம் மூவரும் அப்படியே. பாடப்புத்தகத்தில் அது இயற்கைச் சக்தியை முதலில் அசைவாக மாற்றும் இயந்திரம், டர்பைனும் டீசல் எஞ்சினும் அதில் அடங்கும். இலங்கையில் அந்தச் சொல்லைக் கேட்டால் கொன்டெய்னர் இழுக்கும் லொறித் தலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். மீனவர் சங்கம் பத்து பிரைம் மூவர் கேட்கிறது என்று யாராவது வாசித்தால், அந்த விண்ணப்பம் அடுத்த மேசைக்குப் போகாது.

அகராதியில் இன்னும் சில வரக்கூடும். டிரைவ் என்பது மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் பலத்தைக் கடத்தும் பகுதியும் சேர்ந்த ஏற்பாடு. அக்சுவேட்டர் ஒரு வால்வைத் திறந்து மூடுவதுபோல வரையறுத்த அசைவைச் செய்வது. ஜெனரேட்டர் ஒத்த சொல்லே அல்ல, மோட்டாருக்கு எதிர்ப்பக்கம். மின்சாரம் வாங்கி அசைவைத் தருவது மோட்டார், அசைவை வாங்கி மின்சாரம் தருவது ஜெனரேட்டர்.

‘வாட்டர் மோட்டார்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் சங்கக் கட்டடத்துக்குத் தண்ணீர் எடுக்க என்றைக்காவது எழுத வேண்டிவரும். நாம் கிணற்றில் போடும் பம்பை அப்படிச் சொல்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அது நீரோட்டத்தின் பலத்தில் சுழலும் இயந்திரத்தின் பெயர், தண்ணீரை இறைப்பதல்ல. ‘வாட்டர் பம்ப்’ என்று எழுதி, மின்சாரத்தில் ஓடுவதா எஞ்சினில் ஓடுவதா என்று சேர்த்துவிட்டால் போதும்.

இயந்திரத்தை விட்டு வெளியே போனாலும் இந்தச் சொல் வேறு வேறு உடுப்பில் வரும். பிரித்தானியப் பேச்சில் மோட்டார் என்றாலே கார். நம் 1951ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் மோட்டார் காப்புறுதியும் அந்த வழக்கில் வந்தவை. அதனால்தான் மின்சாரக் காரும் அதில் அடங்குகிறது, டீசல் லொறியும் அடங்குகிறது. இறக்குமதி வரி போடும்போது மட்டும் பிரித்துப் பார்க்கிறார்கள், எஞ்சின் வாகனத்துக்கு சிசி, மின்சார வாகனத்துக்கு மோட்டாரின் கிலோவாட். பாய்க்கப்பல்காரர்கள் ‘மோட்டாரிங்’ என்று சொன்னால் பாயை விட்டு எஞ்சினில் போகிறார்கள் என்று பொருள், உள்துறைமுகத்துக்கு வரும் வெள்ளைக்காரர் யாராவது சொல்லக் கேட்கலாம். வைத்தியசாலைக் குறிப்பில் ‘மோட்டார்’ என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது உடல் அசைவைக் குறிக்கும் சொல். மோட்டார் நரம்பு என்றால் தசைகளை அசையச் செய்யும் நரம்பு. லத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கமாக நிற்பது இந்த மருத்துவப் பொருள்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூடாது என்பது கட்டுரைப் பாடத்தில் கற்ற பழக்கம். அங்கே அது சரி. விண்ணப்பத்திலும் விலைத்தாளிலும் ஒப்பந்தத்திலும் அது ஆபத்து. சொல் மாறினால் சாமானும் மாறுகிறது என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பத்து அவுட்போர்ட் எஞ்சின் ஒரு பந்தியில், பத்து மோட்டார் அடுத்த பந்தியில் என்றால் மொத்தம் இருபது கேட்கிறார்களோ என்று சந்தேகம் வருவது நியாயம்தான். முதல் வரியில் வைத்த பெயரையே கடைசி வரிவரைக்கும் கொண்டுபோங்கள். அழகு குறையட்டும், பரவாயில்லை. அந்தப் பணத்துக்காகப் பத்துக் குடும்பம் காத்திருக்கிறது.

பெயர் சரியானால் பாதி வேலைதான் முடியும். மீதியை விவரம் செய்ய வேண்டும். குதிரைவலு எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டு அடிப்பா நான்கு அடிப்பா என்று எழுதுங்கள். பெற்றோல் மாடலா மண்ணெண்ணெய் மாடலா என்பதை மறக்கவே கூடாது. மண்ணெண்ணெய் மாடல் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவதற்காகவே செய்தது, அதன் உள்ளமைப்பு வேறு. ஆங்கிலத்தில் ‘கெரசின்’ என்று எழுதுங்கள். பழைய பிரித்தானியக் கையேட்டில் ‘பரஃபின்’ என்று இருந்தால் அதுவும் மண்ணெண்ணெய்தான், ஆனால் அமெரிக்க வழக்கில் அது மெழுகு, ஆகவே நீங்கள் அதை எழுத வேண்டாம்.

அப்புறம் தண்டின் நீளம். இதை எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம். பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்று மூன்று அளவில் வரும், மாடல் எண்ணின் கடைசியில் எஸ், எல், எக்ஸ் என்ற எழுத்துகளில் ஒன்று பெரும்பாலும் அதைக் காட்டும். போட்டின் பின்பலகை உயரத்துக்கு இது பொருந்த வேண்டும். தண்டு குட்டையானால் அலையில் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும், நீண்டுவிட்டால் தண்ணீரில் இழுவை கூடி எண்ணெய் வீணாகும். பத்துப் போட்டையும் ஒரே அளவு என்று நினைத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். பழைய மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும், ஃபோனில் படம் பிடித்து விண்ணப்பத்தோடு சேர்த்தால் பாதி விளக்கம் தேவைப்படாது. கயிறு ஸ்டார்ட்டா, சுவிட்ச் ஸ்டார்ட்டா என்பதையும் ஒரு வரியில் போடுங்கள்.

தமிழ் விண்ணப்பத்துக்கு ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதுங்கள். நம் அரச கடிதங்களிலும் பத்திரிகைகளிலும் புழங்கும் சொல் அது, கடற்றொழில் அலுவலகத்தில் எவருக்கும் விளக்க வேண்டியிராது. படகின் உள்ளே பூட்டும் டீசல் இயந்திரத்துக்கு உள்ளிணைப்பு இயந்திரம். ‘பொறி’ எனக்குப் பிடித்த சொல். பழந்தமிழில் மதில்மேல் வைத்த போர்க்கருவிக்கும் அதுவே பெயர், எஞ்சினியரிங்குக்குப் பொறியியல் என்று வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ‘பத்துப் பொறி தேவை’ என்று எழுதினால் எலிப்பொறி ஞாபகம் வரும், இந்த இடத்துக்கு அது ஆகாது. மின்சாரத்தில் ஓடுவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மின் மோட்டார்’ போதும், மின்னோடி என்று எழுதினால் கரையில் வாசிப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்போது ‘வெளியிணைப்பு இயந்திரம், அதாவது போட்டு மெசின்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

ஆங்கில விண்ணப்பத்தில் மோட்டார், மெஷின், பவர் பிளான்ட், பிரைம் மூவர் நான்கையும் தேடி அடித்துவிட்டு அவுட்போர்ட் எஞ்சின் என்று மாற்றுங்கள். ட்ரோலிங் என்பதைச் சாமான் வரியிலிருந்து எடுத்து, தொழில் முறை என்ன என்று கேட்கும் பகுதியில் வையுங்கள், அங்கே அது உங்கள் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். புதிய கொட்டேசன் வந்ததும் விலையைப் பார்க்க முன்னர் மூன்று இடத்தைப் பாருங்கள்: எரிபொருள், குதிரைவலு, தண்டு நீளம். மூன்றும் நீங்கள் எழுதியபடியே இருந்தால் கூட்டத்தில் வையுங்கள்.